ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு

தூத்துக்குடியைச் சுற்றி இரண்டு நிலங்கள் இருக்கின்றன. இரண்டுமே லைட் மீட்டரை, அதாவது கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் கருவியை, ஏமாற்றும். ஒன்று, ஊரை ஒட்டிக் கடலோரமாக விரிந்து கிடக்கும் உப்பளம், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. இன்னொன்று, திருச்செந்தூர்ப் பக்கம் காயாமொழி, குதிரைமொழி வட்டாரத்துத் தேரிக்காடு, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் மணல். ஆறு வருடமாக இந்த இரண்டு நிலத்திலும், இடையில் இருக்கும் எங்கள் ஊர்த் தெருக்களிலும், பெரியப்பாவின் பழைய யாஷிகா மேட் 124ஜி பிலிம் கேமராவில் படம் எடுத்து வருகிறேன். இரட்டை லென்ஸ் பெட்டி அது: மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அந்த ஆறு வருடத்தில் கற்றதையும், கற்பதற்காகப் பாழாக்கிய ரோல்களையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பரணில் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது பயன்படும்.

பெரியப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் எடுத்தார். ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோலில் எத்தனையோ ஆயிரம் முகங்களை எடுத்திருக்கிறார். அந்தத் தொழிற்சாலையும் மூடிவிட்டது, பெரியப்பாவின் ஸ்டுடியோவும் மூடிவிட்டது. டிஜிட்டல் வந்த பிறகு கேமராவை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தவர், நான் கேட்ட அன்றைக்குத்தான் திறந்தார்.

“எடுத்துட்டுப் போ. ஆனா படம் எடுக்க முந்தி அதப் பாத்துக்க. இத்தன வருசமா மூச்சு விடாமக் கெடக்கு” என்றார்.

யாருடைய பழைய கேமரா கைக்கு வந்தாலும் பிலிம் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டியது அதுதான். லென்ஸ் மூடியைக் கழற்றி, அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, ஷட்டரை, அழுத்தும்வரை திறந்தே இருக்கும் ‘பி’யில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்கதவு வழியாக போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து தெரியும். கடலோர ஊரில் இது நிச்சயமாக வரும். பெரியப்பாவின் கேமராவில் பார்க்கும் லென்ஸில்தான் இருந்தது, படம் எடுக்கும் லென்ஸ் தப்பித்திருந்தது. தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவதுதான் பூஞ்சைக்குச் செய்யும் பெரிய உபசாரம். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். மாதம் ஒருமுறை அந்த ஜெல்லைச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி மறுபடி போடுவேன்.

அடுத்தது ஷட்டர். பழைய எண்ணெய் பிசினாக இறுகி, மெதுவான வேகங்கள் இழுத்துக்கொண்டு நிற்கும். போனில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் வைத்து, பின்கதவைத் திறந்து, ஷட்டர் திறந்து மூடுவதைப் படம் பிடியுங்கள். 1/30 விநாடி என்றால் 8 பிரேமுக்குத் திறந்திருக்கவேண்டும், 1/60 என்றால் 4. அதற்கு மேலான வேகங்களை இப்படி அளக்க முடியாது, ஆனால் மெதுவானவை சரியாக இருந்தால் நம்பிக்கை வந்துவிடும். என் கேமராவில் 1 விநாடி ஏறக்குறைய 3 விநாடியாக ஓடியது. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர்தான் சரிசெய்து கொடுத்தார். கேமரா மெக்கானிக் கிடைக்காத ஊரில் கைக்கடிகாரக்காரரின் விரலை நான் நம்புவேன்.

பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருந்த கறுப்புப் பஞ்சு தார் மாதிரி உருகிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலைப் பசை தடவிப் பதித்தேன். இன்றுவரை ஒரு பிரேமிலும் வெளிச்சம் கசியவில்லை.

பேட்டரி விஷயத்தில்தான் என் முதல் ரோல் போனது. இந்தக் கேமராவின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்தப் பேட்டரியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டேன். ஊசி ஆடியது, எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வோல்ட் கூடியதால், இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டியது. பெரியப்பா அந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “மெலிஞ்சு கெடக்குல. வெளிச்சம் பத்தல” என்றார். கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணால் நெகட்டிவைப் படிப்பதில் அவருக்கு ஈடு இல்லை. முகத்தைப் பார்க்க மாட்டார், நிழல் விழுந்த இடத்தில் ஏதாவது பதிந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 பேட்டரி 1.4 வோல்ட், பழைய பாதரச பேட்டரிக்கு மிக நெருக்கம். அளவில் கொஞ்சம் சிறியது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டால் சில வாரம்தான் உயிர். விலை குறைவு, அதனால் பரவாயில்லை.

ஆனால் மீட்டர் சரியானதும் வேறொரு பாடம் வந்தது.

உப்பளத்துக்கு முதலில் போனது ஒரு மாசி மாதம். மழைக்காலம் முழுக்க அளம் உறங்கும். தண்ணீர் வடிந்து பாத்தி மிதித்துத் தயாரான பிறகுதான் உப்பு இறங்கத் தொடங்கும், ஐப்பசி மழை வரும்வரை ஓடும். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே வேலை ஆரம்பித்துவிடும். நான் போய்ச் சேர்ந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பாத்திகளில் வெள்ளை, குவித்து வைத்த உப்பு அம்பாரம் வெள்ளை, வானமும் ஏறக்குறைய வெள்ளை. மீட்டர் சொன்னபடி அப்படியே எடுத்தேன். படத்தில் உப்பு சாம்பல் குவியலாக வந்தது, ஆட்கள் கரிக்கட்டையாக வந்தார்கள்.

எந்த மீட்டரும் தான் பார்ப்பதை நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கத்தான் வழி சொல்லும். அதனால் உப்பை அளந்தால் அது சொல்வதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறக்கவேண்டும். ஒரு ஸ்டாப் திறந்தால் பிலிமில் விழும் வெளிச்சம் இரட்டிப்பாகும். பெரியப்பா சொல்லிக்கொடுத்த வழி இன்னும் எளிது. உள்ளங்கையை வெயிலில் நீட்டி அதை அளந்து, ஒரு ஸ்டாப் திற. உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு. யாருடைய கையானாலும் பெரிய வித்தியாசம் வராது.

மீட்டரே இல்லாமலும் முடியும். பளிச்சென்ற வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண், அதாவது வெளிச்சத்தை அது எவ்வளவு உணரும் என்று சொல்லும் எண். எஃப் எண் கூடினால் துளை சுருங்கும். 400 பிலிம் என்றால் 1/500, 100 பிலிம் என்றால் 1/125. மேகம் லேசாக மூடி நிழலின் விளிம்பு மங்கினால் எஃப் 11, நிழலே சரியாக விழவில்லை என்றால் எஃப் 8, மரத்தடி நிழல் எஃப் 5.6, சில நேரம் எஃப் 4. பிலிம் டப்பாவின் உள்பக்கமே இதை அச்சடித்துத் தருவார்கள். மணலிலும் உப்பிலும் வெளிச்சம் எதிரொளிப்பதால் எஃப் 22 என்றுதான் சூத்திரம் சொல்லும். உப்பை மட்டும் எடுப்பதென்றால் அது சரி. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்கள் தலையில் துண்டைக் கட்டி நெற்றிவரை இறக்கியிருப்பார்கள். அந்தத் துண்டுக்குக் கீழே இருக்கும் கண்கள்தான் எனக்கு வேண்டும். நல்லவேளையாக அளத்தில் வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது. தரையே ஒரு பெரிய ரிப்ளெக்டர். எஃப் 11, 1/250 வைத்தால் துண்டின் நிழலுக்குள்ளும் முகம் திறந்துகொள்ளும். வெள்ளை அளவுக்கு மீறிக் கனக்காமல் இருக்க, பிலிமை டெவலப்பர் மருந்தில் கழுவும் நேரத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வேன். ‘நிழலுக்கு எடு, வெள்ளைக்குக் கழுவு’ என்பார் பெரியப்பா. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி நான் வேறெதையும் மறந்தாலும் இது போதும்.

விடியுமுன் போனால் கணக்கு வேறு. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மீட்டர் 4 விநாடி என்று சொன்னால் 4 விநாடி போதாது. நீண்ட நேரத் திறப்பில் பிலிம் சோர்ந்துபோகும். நான் போடும் இல்ஃபோர்டு எச்பி5 ரோலுக்கு 4 விநாடி என்பதை 6 ஆக்கவேண்டும், 10 என்பதை 20 ஆக்கவேண்டும். ஸ்டாண்டும், கேமரா அசையாமல் ஷட்டரை அழுத்த உதவும் கேபிள் ரிலீஸும் இல்லாமல் அந்நேரத்தில் போவதில் பயனில்லை. ஸ்டாண்டின் கால்களை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கவேண்டும். நான் ஒரு வாரம் மறந்தேன், திருகாணிகள் துருவேறி நின்றுவிட்டன.

அந்த மாசி மாதம்தான் ஒரு அக்காவைச் சந்தித்தேன். உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “எங்களத்தான் எடுக்கியளா தம்பி?” என்றார். ஆமாம் என்றேன். பலகையை நட்டு அதில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். பின்னால் அம்பாரம். எடுத்து முடித்ததும் கையை நீட்டி, “காட்டுங்க” என்றார்.

காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. பின்பக்கம் வெறும் கதவு. இது பழைய காலத்துப் பெட்டி, கழுவினால்தான் தெரியும், படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்து தருகிறேன் என்று சொன்னேன். “போன்ல எடுத்தவுகளும் அனுப்புதேன்னுதான் சொன்னாவ” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அப்போது நான் பிலிமைக் கழுவக் கற்றிருக்கவில்லை. வெளியூர் லேப் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பினேன். கண்ணாடி மாதிரித் தெளிவான வெறும் பிலிம் திரும்பி வந்தது. கறுப்பு வெள்ளை ரோலைக் கலர் பிலிமுக்கான மருந்தில் போட்டுவிட்டார்கள். கலர் முறையில் படம் சாயத்தில் நிற்கும், வெள்ளியைக் கடைசியில் கரைத்து எடுத்துவிடுவார்கள். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் அந்த வெள்ளிதான் படமே. எல்லாம் கரைந்து போயிருந்தது. பன்னிரண்டு படத்தில் பதினொன்று போனதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த ஒன்றுக்காக வைகாசி வரை உப்பளம் பக்கமே போகாமல் இருந்தேன்.

கறுப்பு வெள்ளை ரோலை யாருக்கு அனுப்பினாலும், ரோலின் மேலேயே தடித்த மார்க்கரில் ‘கறுப்பு வெள்ளை, கலர் மருந்தில் போடக் கூடாது’ என்று எழுதி அனுப்புங்கள். போனில் சொன்னது போதும் என்று நினைக்கவேண்டாம். இன்னும் நல்லது, வீட்டிலேயே கழுவுவது.

அது நினைப்பதுபோல அவ்வளவு கஷ்டமில்லை. டார்க் ரூம் வேண்டாம். கை நுழைக்கிற, வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்கும், பிலிமைச் சுற்றும் ரீலோடு ஒரு டேங்கும் போதும். ரீலில் பிலிமை ஏற்றுவதை மட்டும் பாழாய்ப் போன ரோல் ஒன்றை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை பழகுங்கள். மழைக்காலத்தில் பைக்குள் கை வியர்த்து பிலிம் ரீலில் ஒட்டும், மின்விசிறிக்கு அடியில் உட்காருங்கள், அவசரப்படாதீர்கள்.

எங்கள் ஊரில் உண்மையான சிக்கல் தண்ணீர். எல்லா டெவலப்பர் கணக்கும் 20 டிகிரிக்கு எழுதியது. சித்திரை மாதம் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் 34 டிகிரி. அந்தச் சூட்டில் டெவலப்பர் பாய்ந்து வேலை செய்யும். 5 நிமிடத்துக்குள் முடிகிற கழுவல் திட்டுத்திட்டாக வர வாய்ப்பு அதிகம். எச்பி5 ரோலை டி-76 டெவலப்பரில் சரிக்குச் சரி தண்ணீர் கலந்து கழுவ 20 டிகிரியில் 11 நிமிடம். நான் 24 டிகிரியில் ஏழரை நிமிடம் வைக்கிறேன். 20க்கு இறக்கிப் பிடித்து நிறுத்துவது இங்கே பெரும்பாடு, 24 நம் கைக்கு அடங்கும். டெவலப்பர், நடுவில் அலசும் தண்ணீர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ எல்லாவற்றையும் பாட்டிலில் நிரப்பி ஒரு பெரிய அன்னக்கூடையில் தண்ணீரும் ஐஸும் போட்டு ஒன்றாக நிறுத்திவிடுவேன். எல்லாம் ஒரே சூட்டுக்கு வரவேண்டும், அதுதான் முக்கியம். டெவலப்பரை 24இல் வைத்துவிட்டு அலசுவதற்குக் குழாய்த் தண்ணீரைத் திறந்தால் பிலிமின் மேல்பூச்சான எமல்ஷன் திடீர் சூட்டில் சுருக்கம் விழுந்து வெடிப்பு விடலாம்.

அலசுவதற்குக் குழாயை அரைமணி நேரம் திறந்துவிடவேண்டும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். குடத்துக்குக் காத்திருக்கிற ஊரில் அது பாவம். இல்ஃபோர்டு சொல்லும் முறை வேறு. டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டு, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி நிரப்பி 20 முறை. மூன்று டேங்க் தண்ணீரில் முடிந்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரி வாட்டர் ஒரு பாட்டில். எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம், அதிலேயே காயவிட்டால் நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் பொட்டு விழும். பிலிமைத் தொங்கவிடும் குளியலறையில் முன்கூட்டியே சுடுதண்ணீர் ஊற்றி ஆவி பிடிக்கவைத்தால் தூசி அடங்கிவிடும். பழைய ஹைப்போவைக் கிணற்றுப் பக்கம் கொட்டாதீர்கள். ஸ்டுடியோ நடந்த காலத்தில் அதிலிருந்து வெள்ளி எடுக்க ஆள் வந்து விலை கொடுத்து வாங்கிப்போவார்களாம்.

தேரிக்கு வருகிறேன். நிலக்காட்சி எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தில் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. சிவப்பு மணல் மேடுகள், நடுவே பனை, உடை, கொல்லாமரம். முதல் தடவை பார்க்கிறவர் கலர் ரோல் போடத்தான் நினைப்பார். நானும் போட்டேன், நன்றாகவே வந்தது. ஆனால் அந்த நிலத்தின் வடிவம் கறுப்பு வெள்ளையில்தான் எனக்குப் பிடிபட்டது. அதிலும் ஒரு தடை இருந்தது. சும்மா எடுத்தால் மணலும் பனை மரமும் வானமும் ஒரே சாம்பலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி பில்டர் போட்டபோதுதான் நிலம் எழுந்து நின்றது. சிவப்பு மணல் வெளுத்தது, நீல வானம் இருண்டது, பனையோலை கறுத்தது. காற்று மணலில் போட்ட வரிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. பச்சை பில்டரைப் போட்டால் இதே மணல் இருண்டு அடிவானம் வரை கரும்பாறை மாதிரிக் கிடக்கும். நிறமே இல்லாத பிலிமுக்கு நிறத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கவேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பில்டர் வெளிச்சத்தைத் தின்னும். மஞ்சள் ஒரு ஸ்டாப், ஆரஞ்சு இரண்டு, சிவப்பு மூன்று. நடு வெயிலில் எஃப் 16, 1/500 என்பது சிவப்பு பில்டர் போட்டால் எஃப் 16, 1/60. இரட்டை லென்ஸ் கேமராவில் இதை மறப்பது மிக எளிது. பில்டர் கீழ் லென்ஸில் இருக்கும், நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக. மீட்டரும் தனிக் கண்ணால் பார்க்கிறது. எல்லாமே பளிச்சென்று தெரியும். அப்படி மறந்து ஒரு முழு ரோல் போனது. இப்போது பில்டரை மாட்டியதும் மீட்டரில் ஐஎஸ்ஓவை 400இலிருந்து 50க்கு இறக்கிவிடுவேன், மூன்று ஸ்டாப் தானாகக் கழிந்துவிடும். கழற்றும்போது திருப்பி ஏற்ற மறக்கக் கூடாது.

ஆனி, ஆடிக் காற்றில் தேரிக்குப் போகிறவர்கள் ரோல் மாற்றும் இடத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி, குடையை விரித்து, மடியில் துண்டு போட்டு, அதற்குள் வைத்து மாற்றுவேன். ஒரே ஒரு மணல் துகள் உள்ளே போய் பிலிம் ஓடும் பாதையில் ஒட்டிக்கொண்டால் பன்னிரண்டு படத்துக்கும் குறுக்கே தண்டவாளம் போட்டதுபோல ஒரே கீறல் ஓடும். எனக்கு ஓடியிருக்கிறது. ஒவ்வொரு ரோலுக்கும் முன்னால் காற்றுப் பந்தால் உள்ளே ஊதிவிடுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

பதநீர்க் காலத்தில் பனையேறுகிற ஒரு தாத்தாவோடு மூன்று நாள் இருந்தேன். காலையும் மாலையும் ஏறுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மேலே கட்டுவார், இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். அவர் ஏறும்போது கீழேயிருந்து அண்ணாந்து எடுத்த படங்கள் ஒன்றும் தேறவில்லை. இந்தக் கேமராவில் குனிந்து பார்த்தால்தான் படம் தெரியும், அண்ணாந்து எடுக்க இது ஏற்றதில்லை. மரத்திலிருந்து இறங்கி வந்து, அரிவாள் பெட்டி இடுப்பில் இருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்ற ஒரே படம்தான் மிஞ்சியது. மூன்று நாளில் இரண்டு ரோல், 24 படம், அதில் ஒன்று. அந்த ஒன்றை நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று இன்றும் நினைக்கிறேன். அவருக்குக் கொடுத்த பிரதியைக் கருப்பட்டி காய்ச்சும் விளையில், ஓலைக் குடிசையின் உள்சுவரில் செருகி வைத்திருக்கிறார். புகை பட்டு மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.

குனிந்து பார்க்கிற இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தெருவில், பஜாரில், பஸ் ஸ்டாண்டில் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கினால் ஆட்கள் விறைத்துக்கொள்வார்கள். இதை வயிற்றோடு வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கும்போது அவர்களுக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை. பெரியவர்கள் கிட்டே வந்து, “இது அந்தக் காலத்து ஸ்டுடியோ பெட்டில்லா?” என்று கேட்டுத் தாங்களும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பரோட்டாக் கடை அண்ணாச்சி ஒருவர் அந்தக் கண்ணாடியில் தன் கடையைப் பார்த்து ஐந்து நிமிடம் அசையவில்லை. அதில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். இடப்பக்கம் போகிற சைக்கிள் கண்ணாடிக்குள் வலப்பக்கம் போகும். ஓடுவதைத் துரத்த முயன்றால் கை எதிர்ப்பக்கம் போய்விடும். ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் வந்து சேரும்வரை நிற்பதுதான் வழி. மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் வேறு வேறு உயரம் என்பதால், ஒரு மீட்டர் தூரத்தில் எடுக்கும்போது தலைக்கு மேல் இடம் விட்டு எடுங்கள், இல்லாவிட்டால் உச்சி வெட்டுப்படும்.

எந்தக் கேமரா வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள். அக்பா கிளிக் III பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதுவும் என் கேமரா மாதிரி, 120 என்ற அகலமான பிலிம் ரோல் போடும் கேமராதான், வெயிலில் இன்றும் படம் தரும். யாஷிகா எலக்ட்ரோ 35 கிடைத்தால் லென்ஸ் அருமை, ஆனால் பேட்டரி இல்லாமல் 1/500 மட்டும்தான் ஓடும். வாங்கத்தான் வேண்டும் என்றால் பேட்டரி இல்லாமலும் எல்லா வேகமும் ஓடுகிற பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம் மாதிரியான ஒன்றை, மேலே சொன்ன டார்ச், ஸ்லோமோஷன் சோதனைகளைச் செய்து பார்த்து வாங்குங்கள். 35 மில்லிமீட்டர் ரோலில் 36 படம். நான் வாங்கும் விலையில் ஒரு 120 ரோல் ஆயிரம் ரூபாயைத் தொடுகிறது, கழுவும் செலவைச் சேர்க்காமலே ஒரு படத்துக்கு எண்பது ரூபாய்க்கு மேல். இதை மறைத்துப் பேசக் கூடாது. மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொண்டேன். அதனால் மாதத்தில் பல நாள் கேமராவில் பிலிமே இல்லாமல் வெறுமனே தெருவைப் பார்த்து எஃப் 11, எஃப் 8 என்று வெளிச்சத்தை மனதுக்குள் சொல்லிப் பழகினேன். இப்போது மீட்டரை அதிகம் பார்ப்பதில்லை.

உப்பளத்துக்கு மறுபடி போனது வைகாசியில். அக்காவிடம் படம் வரவில்லை, கழுவுகிற இடத்தில் கெட்டுவிட்டது என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது. “அப்ப இன்னொண்ணு எடுங்க, என்ன இப்ப” என்று அதே பலகையை அதே மாதிரி ஊன்றி நின்றார். எஃப் 11, 1/250, இரண்டு படம். அன்று ராத்திரியே ஐஸ் வாங்கி வந்து கழுவினேன். வீட்டில் கழுவிய இரண்டாவது ரோல் அது. பெரியப்பா காலையில் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. துண்டுக்கு அடியில் இருந்த இடத்தை விரலால் தொடாமல் சுட்டி, “கண்ணு இருக்கு” என்றார்.

நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து டிஜிட்டல் கேமராவில் பிரதி எடுத்து, எட்டுக்கு எட்டு அங்குலத்தில் மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டேன். கொண்டுபோய்க் கொடுக்க இடையில் ஒரு கோடை மழை, பின் என் வேலை என்று மூன்று வாரம் ஆகிவிட்டது.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினார். முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் பார்த்தது பின்னால் இருந்த அம்பாரத்தை.

“இது அந்த மழைக்கு முந்தின அம்பாரம்லா. மூடுததுக்குள்ள வந்துட்டு. பாதி கரைஞ்சே போச்சு” என்றார். பிறகு பக்கத்துப் பாத்தியில் நின்றவர்களைக் கூப்பிட்டார். “ஏட்டி, இங்க வாங்க, நம்ம அம்பாரத்தப் பாருங்க.”

நான்கு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். அது எத்தனை நாள் வேலை, யார் யார் சுமந்தது, எந்தப் பக்கம் முதலில் சரிந்தது என்று பேசிக்கொண்டார்கள். முகத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கடைசியில் இருந்த இளம்பெண், “அக்கா, நீ மட்டும் நிக்கிய, நாங்களும்தான் சுமந்தோம்” என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். “பெட்டியில இன்னும் இருக்கா தம்பி?”

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது முடிந்திருந்தது, மூன்று மிச்சம். நான்கு பேரையும் பாத்தி வரப்பில் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்லிவிட்டு, தலைக்கு மேல் இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.